மாமா எடுத்த போன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டுமே. என் மூக்கு, என் கோபம். ஆனால் அன்றைக்கு வந்த கோபத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. அதற்கு என் அக்காவின் கணவரைத்தான் கேட்க வேண்டும்.

அக்காவும் நானும் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்க்கிறோம். அவள் கணக்கு டீச்சர், நான் கம்ப்யூட்டர் டீச்சர். தலைமையாசிரியர் பதவிக்கான தேர்வை அவள் எப்போதோ பாஸ் செய்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் எழுதிய ஆண்கள் எல்லாம் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து, சிலர் ரிட்டயரும் ஆகிவிட்டார்கள். இவளுக்கு மட்டும் அழைப்பே வரவில்லை. "நம்ம முறை வரும்டி" என்பாள், நோட்டுகளைத் திருத்திக்கொண்டே. அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் விதி மாறியது. கல்வி அலுவலகத்திலிருந்து போனில் கூப்பிட்டு, 'இன்ன பள்ளிக்குப் போகிறீர்களா?' என்று கேட்கும் பழக்கம் ஒழிந்தது. இனி எல்லாம் இணையதளத்தில். பணிமூப்புப் பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நம் முறை வந்ததும் போனுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டு உள்ளே போய் நாமே பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போடாமல் விட்டால் மறுத்ததாகக் கணக்கு.

பட்டியல் வெளியான மதியம் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் நான்தான் அதைத் திறந்தேன். பெண்களில் அக்காதான் முதல் ஆள்! துள்ளிக் குதிக்கப் போனவள் அப்படியே நின்றேன். அவள் பெயருக்கு எதிரே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: இரண்டு முறை விருப்பமின்மை தெரிவித்தவர். மூன்றாம் முறையும் மறுத்தால் பட்டியலிலிருந்து நிரந்தர நீக்கம்.

"எப்பக்கா நீ வேணாம்னு சொன்னே?"

"யாராவது கேட்டாத்தானேடி சொல்றதுக்கு?" என்றாள். திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தாள்.

பள்ளி விட்டதும் அவளை இழுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் நல்ல மனிதர்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்.

"கூப்பிட்டோமே டீச்சர். ரெண்டு தடவையும் உங்க சார்தான் எடுத்தார். அவங்களுக்கு அதெல்லாம் ஒத்துக்காது, வேற ஆளைப் பாருங்கன்னார். விட்டுட்டோம்."

"எந்த ஸ்கூலுக்குக் கேட்டீங்க?" என்றேன்.

"ரெண்டு தடவையும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, பாய்ஸ் ஸ்கூல்தான்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. என் அருமை மாமா வரலாற்று ஆசிரியராக இருப்பது அந்தப் பள்ளியில்தான். அக்கா அங்கே தலைமைக்குப் போனால் அவர் அவளிடம் கைகட்டி நிற்க வேண்டும். அடப்பாவி மனுஷா!

அக்கா வேலையில் சேர்ந்தபோது அவளிடம் போன் கிடையாது. வீட்டில் இருந்த ஒரே நம்பரைக் கொடுத்தாள், மாமாவுடையது. அதற்குப் பிறகு மாற்றத் தோன்றவில்லை.

"இவங்க மட்டுமா? பாதி டீச்சர்களுக்கு வீட்டுக்காரர் நம்பர்தான் இருக்கு" என்றார் கிளார்க். "மாத்திக்கலாம் டீச்சர், ஈஸி. மாத்தறதுக்கு ஒரு ஓடிபி வரும்."

"எந்த நம்பருக்கு?"

"பழைய நம்பருக்குத்தான்."

நான் மேஜையில் அடித்த அடியில் அவருடைய டீ தளும்பியது.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் அக்காவே கேட்டாள். அவர் முதலில் பூசி மெழுகினார். "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். வீடு, ஸ்கூல்னு ரெண்டு பக்கமும் அல்லாடுவியேன்னு." நான் விடவில்லை. கடைசியில் உண்மை வெளியே வந்தது. "நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல என்னை என்னன்னு பேசுவாங்க? நான் எப்படி அங்க தலை நிமிர்ந்து நடக்கிறது?"

"இத்தனை வருஷம் நான் குனிஞ்சு நடந்தது உங்களுக்குப் பரவாயில்லையா?" என்றாள் அக்கா. "ஓடிபி வந்தா குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் மேஜைமேல் கிடந்த போனை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "பார்க்கலாம்" என்றார்.

அக்கா அழவில்லை. என்னிடம் வந்து, "கம்ப்யூட்டர் டீச்சர்னு பேரு வச்சிருக்கே இல்ல? ஒரு வழி சொல்லு" என்றாள்.

வழி எங்கள் பள்ளி வாசலிலேயே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் விரல் வைத்து வருகையைப் பதியும் கருவி. அதுவும் அதே இணையதளத்தோடு சேர்ந்ததுதான். விரலைப் பார்த்து ஆளை ஒப்புக்கொள்கிறவர்கள், அதே விரலைப் பார்த்து நம்பரையும் மாற்றித் தரலாமே! மறுநாள் கல்வி அதிகாரியின் அறைக்குப் போனோம். அவரும் ஒரு பெண்தான். நான் படபடவென்று பொரிந்து தள்ளினேன். அவர் புருவத்தைச் சுருக்கினாரே தவிர அசையவில்லை. அப்போது அக்கா பேசினாள்.

"என் போனை யார் வேணாலும் எடுக்கலாம் மேடம். என் விரல் என்கிட்டதானே இருக்கும்."

அதிகாரி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கு வந்த முதல் ப்ரமோஷன் போனை எங்கப்பாதான் எடுத்தார். நல்லவேளை, சரின்னு சொன்னார்" என்றார். "அந்த நல்லவேளையை நம்பி ஒரு டிபார்ட்மென்ட் நடக்கக் கூடாது." அன்று மாலைக்குள் உத்தரவு வந்தது: நம்பரை மாற்ற அவரவர் விரல் ரேகை போதும், எல்லாப் பள்ளிகளிலும்.

மறுநாள் கருவிக்கு முன்னால் கூட்டமான கூட்டம். தமிழ் டீச்சர் விரலை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் வயிறு வலித்தது. "எங்க மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனை காலமாச்சு! இன்னும் எனக்கு வர்ற சேதியெல்லாம் அவருக்குத்தான் போயிட்டிருந்திருக்கு!"

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று அக்கா கம்ப்யூட்டர் லேபில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் போன் சிணுங்கியது. அவள் போன்தான். திரையில் இரண்டு காலியிடங்கள். ஒன்று, பிரச்சினையே இல்லாத ஒரு சின்னப் பள்ளி. இன்னொன்று அந்த பாய்ஸ் ஸ்கூல். அதன் தலைமை நாற்காலியில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை.

"மாமா மூஞ்சிய நினைச்சுப் பார்த்து அமுக்குக்கா!" என்றேன்.

"போடி இவளே. கணக்குல பாதிப் பசங்க அங்கதான் ஃபெயிலாகிறாங்க. நான் போறது அவங்களுக்காக." சொல்லிக்கொண்டே பாய்ஸ் ஸ்கூலை அமுக்கினாள். உறுதி என்று திரையில் வந்ததும் நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். கோபக்காரிக்கு அழவும் தெரியும்.

அவள் பொறுப்பேற்ற காலையில் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். தலைமை அறையில் உட்கார்ந்து இணையதளத்தில் தன் கணக்கில் நுழைந்ததும் அவளுடைய ஒப்புதலுக்கு முதல் விண்ணப்பம் வந்து காத்திருந்தது. வரலாற்று ஆசிரியர், கடுமையான வயிற்றுவலி, விடுப்பு வேண்டும்.

அக்கா நிதானமாக நிராகரி என்பதை அமுக்கினாள். காரணம் கேட்டது. டைப் செய்தாள்: 'காலையில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நானே பார்த்தேன். முதல் பீரியட் உங்களுடையது. மாணவர்கள் காத்திருக்கிறார்கள்.'

மணி அடிப்பதற்குள் மாமா வந்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்து, வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"உள்ள வரலாமா, மேடம்?"

"வாங்க சார்" என்றாள் அக்கா. "விரலை வச்சுட்டு கிளாசுக்குப் போங்க."