நாச்சாத்தா கிணற்றில் ஒரு சத்தியம்

...சிரித்தது உண்மைதானே, அதை மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது, பால் சொசைட்டியில் அளந்து ஊற்றுகிறவன் தன்னை மாடு உதைத்துத் தள்ளிய கதையைச் சொன்னான், சிவசங்கரி சிரித்தாள், அவ்வளவுதான், அதைப் புருஷன் கருப்புசாமி ரோட்டில் நின்று பார்த்துவிட்டான்... இடது காதுக்குள் இன்னும் வண்டு சுற்றுகிற மாதிரி ஓர் இரைச்சல், தென்னை மட்டையின் தடித்த பக்கம் அங்கேதான் விழுந்தது, பூசாரி சொல்வதெல்லாம் அந்தக் காதில் பாதிதான் ஏறுகிறது. கிணற்றடியில் சத்தியம் பண்ணிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்றுதான் காலையில் சித்தூரில் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தான் புருஷன், கூடவே அவன் அக்கா மூக்கம்மாள், தேங்காய் பழத் தட்டும் பட்டுச்சேலையுமாக, சீர் கொண்டுவருகிறவள் போல... சீரா, கருமாதியா? இவள் எதற்குப் பட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள்?

பூசாரி கதையை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ, கண்ணை மூடிக்கொண்டே சொல்கிறார். ஐந்து அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சியாம் நாச்சாத்தா, தாகத்துக்கு வந்த மாட்டு வியாபாரிக்குத் தண்ணீர் வார்த்தாளாம், அதைப் பார்த்த அண்ணன்மார் நுகத்தடியால் முட்டியை உடைத்து உயிரோடு இந்தக் கிணற்றில் போட்டார்களாம், பிறகு ஐந்து பேரும் இந்தத் தண்ணீரைக் குடித்து ரத்தம் கக்கிச் செத்தார்களாம். “அவ உத்தமிங்க, அதனாலதான் தெய்வமாயிட்டா. பொய்ச் சத்தியம் பண்ணுனா உள்ளருந்து கையப் புடிச்சு இழுத்துப்போடுவா.” மூக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். உத்தமி... உத்தமியாக இல்லாமல் போயிருந்தால்? அந்த வியாபாரியை அவளுக்குப் பிடித்திருந்தால்? அப்போது முட்டியை உடைத்தது சரியாகிவிடுமா, தெய்வமும் ஆகாமல் வெறும் பிணமாக மிதந்திருப்பாளா? ஐந்து பேர் அடித்தால் கத்தியிருப்பாளே, அந்தச் சத்தம் கதையில் எங்கே வருகிறது, ஒரு வார்த்தைகூட இல்லையே. தன் சத்தம் மட்டும் யாருக்குக் கேட்டது, பக்கத்து வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்தார்கள், அது நன்றாகக் கேட்டது.

மூன்று குடம் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். சேலை உடம்போடு ஒட்டியது, முதுகின் தடிப்புகளில் தண்ணீர் பட்டதும் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிந்தது. கிணற்று மேட்டில் கை வைத்து, “நான் ஒரு தப்பும் பண்ணலீங்க, என்ற மேல தப்பிருந்தா ஆத்தா என்னய இழுத்துக்கட்டும்” என்றாள். யாரும் இழுக்கவில்லை. உள்ளே ஒரு புறா மட்டும் படபடத்தது. “தீந்துச்சுங்க, சந்தோசமாக் கூட்டீட்டுப் போங்க,” என்று பூசாரி குங்குமம் எடுக்கக் கோயிலுக்குள் போனார். அவர் தலை மறைந்ததும் கருப்புசாமியின் கை அவள் பிடரி மயிரைச் சுற்றிக்கொண்டது. “குனிஞ்சு பாருடி. பொய்யின்னா உம்பட மூஞ்சி தண்ணியில தெரியாதாமா. பாரு, இன்னும் குனி.” மூக்கம்மாள், “தம்பி, போதும் சாமி” என்றாள், ஆனால் தட்டைக் கீழே வைக்கவில்லை. மேடு தொடை உயரம்தான் இருந்தது, வயிறு கல்லில் அழுந்தியது, மூச்சு நின்றது, இவன் பார்க்கச் சொல்லவில்லை, தள்ளப் போகிறான், அண்ணன்மாரும் இப்படித்தான் குனியச் சொல்லியிருப்பார்கள்... கைக்குப் பக்கத்தில் செப்புக்குடம், பாதித் தண்ணீரோடு. எப்போது தூக்கினாள்? பின்பக்கமாக வீசியதும் எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. மூக்கிலிருந்து ரத்தம் கொப்பளிக்க அவன் மறுபடி பாய்ந்தான், “கொன்னுபோடுவேன்டி,” இரண்டாவது வீச்சு தாடையில் விழுந்தது, பாசி பிடித்த கல்லில் கால் இடற, மேட்டைத் தாண்டி உள்ளே போனான்.

உருளை கிறீச்சிட்டுச் சுற்றியது. விழும்போதே கயிற்றைப் பிடித்துவிட்டான் போலிருக்கிறது, இந்தப் பக்கத்துக் கயிறு பாம்பாக ஓடியது, அவள் எட்டிப் பிடித்துக் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து நின்றாள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. கீழே அவன், நீச்சல் தெரியாதவன், ஏழு வருஷமாக ‘ஏய்’ என்று மட்டும் கூப்பிட்டவன், “சங்கரி... கண்ணு... உட்றாத கண்ணு” என்று அலறினான். விட்டால் என்ன? இரண்டு விரலை நகர்த்தினால் போதும். ஒரு சாண் விட்டும் பார்த்தாள், வேண்டுமென்றேதான், அவன் குரல் கிழிந்து மேலே வந்தது, அதைக் கேட்க நன்றாக இருந்தது, இன்னும் ஒரு சாண் விட்டாள்... அங்கே ஒருத்தி முட்டி உடைந்து கிடக்கிறாளே, ஆம்பிளைகளிடமிருந்து தப்பி அந்த இருட்டிலாவது தனியாக இருக்கட்டுமே, அவள் தலையில் இவனை வேறு கட்ட வேண்டுமா? பிடி இறுகியது. மூக்கம்மாளின் தட்டு அப்போதுதான் விழுந்து தேங்காய் உருண்டது, “ஐயோ, ஓடியாங்கோ” என்று அவள் கத்த, பூசாரியும் தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர்களும் ஓடிவந்தார்கள்.

மேலே இழுத்துப் போட்டபோது அவன் முகம் முகமாக இல்லை. ஒருவர் துண்டால் மூக்கை அழுத்தினார். “எப்படிங்க உழுந்தீங்க?” என்று கேட்டார் பூசாரி, கேட்டுக்கொண்டே நசுங்கிக் கிடந்த குடத்தைப் பார்த்தார், பிறகு அவளுடைய கைகளை. சொல்லட்டும், இவள்தான் அடித்தாள் என்று சொல்லட்டும், போலீஸ் வரட்டும், முதுகைத் திறந்து காட்டுகிறேன்... கருப்புசாமி அவளைப் பார்த்தான், உடனே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டான். “வழுக்கிருச்சுங்க,” என்றான். மூக்கம்மாளும் அவசரமாக, “ஆமாங்க, பாசி... வழுக்கிருச்சு” என்றாள். சிவசங்கரிக்கு அந்த வார்த்தை எங்கேயோ கேட்டதாக இருந்தது. தாலுக்கா ஆசுபத்திரி நர்ஸிடம், அம்மாவிடம், பால் கேனோடு வழிமறித்துக் கேட்டவர்களிடம், எத்தனை தரம் அவளே சொல்லியிருக்கிறாள், இதே அவசரத்தோடு, இதே மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு... அவள் சொன்னது பயத்தில். அப்படியானால் இவன் சொன்னது?