வாசலுக்கு வந்த மாதா

ஜெர்லின் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தாள். முன்னறை ஜன்னல்களைத் திறந்துவிட்டு நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். உள்ளறைக் கதவைச் சாத்தினாள். சாத்தியிருக்கிறதா என்று மறுபடி தள்ளிப் பார்த்தாள். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாள் குறைந்து பிறந்தது. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல், இருமுகிற யாரையும் பக்கத்தில் விடாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தெருவில் இருமாத ஆள் யார் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாதா சுரூபம், தெருவில் வீடு வீடாகப் போகும் சிறு சிலை, அவர்கள் வீட்டுக்கு வருகிற முறை. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவு தங்கும். ஜெபமாலை முடிந்ததும் எல்லாரும் பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்வார்கள். இந்தத் தடவை வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று மாமியாரிடம் கேட்டிருந்தாள்.

"எம்மவன் ஃபிராங்க்ளின் கப்பல்ல கெடக்கான். வீடு தேடி வார மாதாவ வராதீயன்னு சொல்லச் சொல்லுதியா?" என்றாள் பிலோமினா. பிறகு குரலைத் தணித்தாள். "யாரும் முத்தி செய்ய வேண்டாம். கும்பிட்டாப் போதும். நானே சொல்லுதேன்."

சொன்னாள். வாளிப் பக்கத்திலேயே நின்று ஜெபத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் கை கழுவ வைத்து, மாஸ்க் கொடுத்தாள்.

"மாதாவுக்கும் ஒண்ணு போட்டுவிடலாமே மயினி" என்றார் கொழுந்தன் முறையான பர்னபாஸ்.

"ஒமக்கு ரெண்டு தாரேன். ஒண்ணு வாய்க்கு, ஒண்ணு நாக்குக்கு."

சிரிப்பு அடங்குவதற்குள் பாட்டுச் சத்தம் வந்தது. அடுத்த வீட்டு ஏஞ்சலின் சுரூபத்தை ஏந்தி வந்து வாசலில் நின்றாள். வீட்டு மருமகள்தான் வாங்க வேண்டும். ஜெர்லின் கை நீட்டினாள். குனிந்தாள். மாஸ்க்கை இறக்கினாள். உதடு பாதத்தில் பட்டது.

நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. பாதம் ஈரமாக இருந்தது. சற்றுமுன் ஏஞ்சலின் வீட்டில் வழியனுப்பிய முத்தங்கள்.

ஏஞ்சலின் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். "காலைல இருந்து ஒடம்பு காந்துதுக்கா. பிள்ளையளுக்கும்தான்."

ஜெபமாலை தொடங்கியதும் ஜெர்லின் பின்கட்டுக்குப் போய் உதட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். எரிந்தது. மறுபடி தேய்த்தாள். பின்னால் பிலோமினா வந்து நின்றாள்.

"ஏளா, நீயா முத்தி செஞ்ச?"

"குனிஞ்சதும் தானா வந்துட்டு மாமி."

உள்ளறையில் குழந்தை அழ ஆரம்பித்தது. ஜெர்லின் நகரவில்லை. பிலோமினா போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். நெடுநேரம் "சரிங்க, சரிங்க" என்றாள்.

"பாலு வழியா வராதாம். மூச்சுலதானாம். கையக் கழுவிட்டு, புது மாஸ்க் போட்டுட்டுக் குடுக்கச் சொல்லுதாவ. ஒனக்குக் காய்ச்சல் கண்டா ஒடனே வரணுமாம்."

"நம்ம பிள்ளைக்குக் கண்டா?"

பிலோமினா புது மாஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அழுகை ஏறிக்கொண்டே போனது. ஜெர்லின் கை கழுவி, அதை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தையை மடியில் போட்டுத் தன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அது முட்டித் தேடிப் பிடித்துக்கொண்டது. முன்னறையில் ஜெபத்துக்கு நடுவே யாரோ இருமினார்கள். ஜெர்லின் மூச்சை அடக்கினாள். நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும்வரை அடக்கினாள். குழந்தை குடித்துக்கொண்டே இருந்தது.

மாஸ்க்கின் ஓரங்களில் கசிய மூச்சை விட்டாள். மின்விசிறி ஓடவில்லை. குழந்தையின் உச்சியில் மெல்லிய முடி அசைந்தது.