பிரெஸ்த் மழைக்கு ஒரு கோட்டு

கோவிந்தராசு நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் ஏறி, "பொம்பளைங்க ஜாக்கெட்டு காட்டும்மா" என்று கேட்டதும், கடைப்பெண் ரவிக்கைத் துணி அடுக்கை எடுத்து மேசைமேல் போட்டாள். "அது இல்லம்மா, குளுருக்கும் மழைக்கும் போடறது" என்றான். அவள் ஒரு ஸ்வெட்டரைக் காட்டினாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டவே, எதிர்க்கடையில் ரெயின்கோட்டு இருக்கும் என்று கை காட்டி அனுப்பிவிட்டாள்.

வாசலில் நின்றிருந்த அவன் மனைவி தனக்கொடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து வருடம் ஆகப்போகிறது. அதனாலேயே அடுத்த கடையிலும் அவன் வேண்டுமென்று "ஜாக்கெட்டு" என்றே கேட்டான். அங்கே அவள் சிரிக்கவில்லை.

வைத்திக்குப்பத்தில் அவர்கள் வீடு. அண்ணன்மார் கடலுக்குப் போக, கோவிந்தராசு மட்டும் கரையில் நின்றுகொண்டான். ஐஸ் கம்பெனியிலிருந்து குப்பத்துக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் ஐஸ் ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி அவனுடையது. தனக்கொடி கடற்கரைப் பக்கத்து வீதியில் ஒரு பிரெஞ்சுக்காரி வீட்டில் சமையல் வேலை செய்தாள். எலென் என்று பெயர்; இவர்களுக்கு மதாம்.

ஒரே பெண், அன்புசெல்வி; வீட்டில் செல்வி. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. ஒன்றாவது வகுப்பில் முதல் பரீட்சைதான் எழுதியிருந்தாள்.

அதற்கப்புறம் வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. காய்ச்சல் என்று அவள் இன்னும் முன்னமே சொல்லியிருக்கலாம் என்று அவன் நினைத்தான். அவன் அன்றைக்கு லோடை யாரிடமாவது விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள். நினைத்ததை இருவரும் வெளியே விடவில்லை. அது உள்ளேயே கிடந்து புளித்தது. தெருவில் தனக்கொடி குடத்தோடு குழாயடிக்குப் போனால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். யாராவது ஒருத்தி, "பூ மாதிரி புள்ள" என்று பெருமூச்சு விடுவாள். குடம் நிறைவதற்குள் தனக்கொடி பாதிக் குடத்தோடு திரும்பிவிடுவாள்.

ஆவணி மாதம் ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "மதாமோட அம்மாவுக்கு உடம்பு முடியலயாம். மதாம் ஊரோட போறாங்க. அந்த அம்மாவப் பாத்துக்க என்னையும் கூப்புடுறாங்க. ரெண்டு வருசம். நான் போறேன்."

'போகட்டுமா' என்று கேட்பாள் என்று அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். அவள் ரசம் ஊற்றினாள்.

"சரி" என்றான்.

கோட்டு அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் மதாம் சொல்லியிருந்தார். கோவிந்தராசு ஒத்துக்கொள்ளவில்லை. "போயி எறங்கறப்ப அவங்க குடுத்ததப் போத்திக்கினு எறங்கக் கூடாது. நம்ம வாங்கினதப் போட்டுக்கினு எறங்கு" என்றான். அவள் போவதில் அவன் வாய் திறந்து சொன்ன ஒரே விஷயம் அது. அவள் மறுக்கவில்லை.

எந்த மாதிரி கோட்டு என்று கேட்க மதாம் வீட்டுக்கு அவனே போனான். மதாம் தனக்குத் தெரிந்த தமிழில் விவரம் சொன்னார். அவர்கள் போகும் பிரெஸ்த், பிரான்சில் ஒரு கடலோர ஊர். மழை அங்கே மேலிருந்து விழுவதில்லை, காற்றோடு பக்கத்திலிருந்து வரும், குடை நிற்காது. ரெயின்கோட்டு போட்டால் வெளித்தண்ணீர் வராது, ஆனால் உள்ளே வேர்த்தே நனைந்துபோகும். ஸ்வெட்டர் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் சாஃப்ட்ஷெல் என்று ஒன்று இருக்கிறது என்று தன்னுடையதை எடுத்துவந்து காட்டினார். மேல்பக்கம் இறுக்கமான நெசவு. உள்பக்கம் பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது. கையை மடக்கினால் துணியும் கூடவே வளைந்தது. "ஆனா தையல் பாக்கணும்" என்றார் மதாம். "இதுல பாதி தூறலுக்கு மட்டும்தான். உள்ள தையல் மேல பட்டை ஒட்டி இருந்தா நல்ல மழைக்கும் தாங்கும்."

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இருவரும் அலைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் நேபாளத்துக்காரர்கள் விரித்திருந்த கம்பளிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நேரு வீதியில் ஒருவர், மிஷன் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஜானகிராமன் என்பவர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் மிச்சச் சரக்கு விற்கிறார், வெள்ளைக்காரர்களே அங்கேதான் வாங்குகிறார்கள் என்று வழி சொன்னார்.

சின்னக் கடை. ஜானகிராமனுக்கு ஐம்பது வயது இருக்கும்; பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தோடு வரவேற்றார். "சாஃப்ட்ஷெல்தானே? உக்காருங்கக்கா. லேடீஸ் சைஸ் கொஞ்சம்தான் இருக்குது, ஆனா இருக்குது" என்று ஏணி போட்டு ஏறினார்.

முதலில் ஒரு கறுப்புக் கோட்டு. தனக்கொடிக்குப் பிடித்துவிட்டது. அழுக்கு தெரியாது, யார் கண்ணையும் உறுத்தாது. கோவிந்தராசு, "கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாக்கலாங்களா?" என்று கேட்டான்.

"தாராளமா ஊத்துங்க" என்று ஜானகிராமன் தன் குடிதண்ணீர் பாட்டிலையே கொடுத்து, கீழே ஒரு வாளியும் வைத்தார்.

கோட்டின் கையில் ஊற்றியபோது தண்ணீர் மீன் செதிலில் ஓடுவதுபோல் ஓடி வாளியில் விழுந்தது. கோவிந்தராசு கோட்டைத் திருப்பி உள்ளே பார்த்தான். பட்டை இல்லை. தோள்பட்டைக்குள் தன் கையை விட்டுக்கொண்டு, தையல்மேல் ஊற்றச் சொன்னான். தனக்கொடி ஊற்றினாள். நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் நிற்கிறவன் அவன். ஆனாலும் அந்த ஒரு சொட்டு உள்ளே விரலில் பட்டபோது பல்லைக் கடித்தான்.

"தோள்ல எறங்குது" என்றான்.

"தூறலுக்குத்தாங்க அது" என்று ஜானகிராமன் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது கத்திரிப்பூ நிறம். பட்டை இருந்தது, தண்ணீர் இறங்கவில்லை. தனக்கொடி அதைப் புடவைமேலேயே போட்டுக்கொண்டு, ஆளைத் தூக்குகிற மாதிரி குனிந்து நிமிர்ந்தாள். நடக்க முடியாத கிழவியைத் தூக்கி உட்காரவைக்கும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. குனிந்தபோது கோட்டு இடுப்புக்கு மேலே ஏறிக்கொண்டது.

"முதுகுல காத்து பூந்துடும்" என்றாள்.

மூன்றாவதாக வந்தது மஞ்சள். கடுகரைத்த மஞ்சள். தொடைவரை நீளம், பின்பக்கம் இன்னும் ஒரு சாண் இறக்கம், தலைக்குக் குல்லா, மணிக்கட்டை இறுக்கிக்கொள்ள ஒட்டுப்பட்டி. உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட்டால் இறுக்கிப் பிடிக்குமோ என்று ஜானகிராமன் தன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இறுக்கவில்லை, கை தாராளமாகத் தூக்க வந்தது. தண்ணீருக்கும் அசையவில்லை.

"இவ்ளோ பளிச்சுனு இருக்குதே" என்று தனக்கொடி தயங்கினாள்.

"மழையில ஓட்டறவன் கண்ணுக்குத் தெரியணும். கறுப்பு போட்டா தெரியாது. நான் வண்டி ஓட்டறவன் சொல்றேன், இத எடுத்துக்க."

அவளுக்கு ஜிப்பு பழக்கமில்லை. நுனி கோர்க்க வராமல் தடுமாறினாள். அவன் கிட்டே போய்க் குனிந்து கோர்த்து, மெதுவாகக் கழுத்துவரை ஏற்றிவிட்டான். மோவாய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவள் தலையை உயர்த்திக்கொண்டாள். அவள் மூச்சு அவன் நெற்றியில் பட்டது. இத்தனை பக்கத்தில் நின்று எத்தனை நாள் ஆயிற்று என்று அவனுக்குத் தோன்றியது. உடனே கையை எடுத்துக்கொண்டான்.

கோட்டை மடித்துக்கொண்டே ஜானகிராமன், வியாபாரிக்கே உரிய இயல்பில் கேட்டார்: "புள்ளைங்க எத்தினிக்கா?"

கோவிந்தராசு வாய் திறப்பதற்குள் தனக்கொடி சொன்னாள். "ஒரு பொண்ணு. ஒண்ணாவது படிக்கிறா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒரு மாறுதலும் இல்லை.

"அட, அதே சரக்குல சின்னப் பசங்களுக்கும் ஒண்ணு இருக்குதுக்கா" என்று ஜானகிராமன் உள்ளே போய் ஒரு சின்னக் கோட்டோடு வந்தார். அதே மஞ்சள். அதே குல்லா. தனக்கொடி அதை மடியில் வாங்கிக்கொண்டாள். ஜிப்பைத் திறந்தாள். உள்ளே திருப்பி, ஒவ்வொரு தையலாக விரலால் தடவிக்கொண்டு போனாள். தோள், அக்குள், குல்லாவின் விளிம்பு. பட்டை இருக்கிறதா என்று அத்தனை நிதானமாகப் பார்த்தாள். கையின் நீளத்தைத் தன் முழங்கையில் வைத்து அளந்தாள். கோவிந்தராசு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். சந்தில் ஒரு சைக்கிள் போயிற்று.

"நல்லாதான் இருக்குது" என்று அவள் சொல்வது கேட்டது. "வேணாங்க. அவளுக்கு வேர்க்கும்."

பெரிய கோட்டு இருந்த பையை அவன் வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தார்கள். கதவைத் திறக்காமல் அதில் சாய்ந்து நின்று அவன் கேட்டான்.

"ஏன் அப்புடிச் சொன்ன?"

"எப்புடி?"

"பொண்ணு படிக்கிறான்னு."

"இங்க எல்லாருக்கும் தெரியுதுங்க. தெரியாத ஆளு ஒருத்தர் கேட்டாரு. ஒரு தடவ சொல்லிப் பாக்கலாம்னு தோணிச்சு." பிறகு, "அங்க யாருக்குமே தெரியாதுல்ல" என்றாள்.

அதற்காகத்தான் போகிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. தனக்கும் தெரியுமே, அதனால் தன்னையும் விட்டுத்தானே போகிறாள் என்பதும் கூடவே புரிந்தது. அவன் கதவைத் திறந்துவிட்டான்.

வருடம் திரும்பின நாளில் படத்துக்கு மாலை போட்டு, புதைத்த இடத்தில் பால் ஊற்றிவிட்டு வந்தார்கள். கார்த்திகையில் தனக்கொடி மதாமோடு விமானம் ஏறினாள். மீனம்பாக்கத்தில் வேர்த்துக்கொட்ட, அந்த மஞ்சள் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் வெகுதூரம்வரை அந்த நிறம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்தாள். முதல் வாரம் அவன் கேட்டது, "உள்ள எறங்குதா?"

"இல்லீங்க. சொட்டு எறங்கல. மூஞ்சிதான் நனையுது." பிறகு, "பாட்டிக்குக் கண்ணு மங்கல். இந்த மஞ்சள் மட்டும் தெரியுதாம். நான் வந்தா கைய நீட்டுறாங்க" என்றாள்.

அதற்குமேல் பேச இருவருக்கும் கைவசம் எதுவும் இருக்கவில்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மழையா, மழைதான். தை, மாசி, பங்குனி எல்லாம் இப்படியே போயிற்று.

அடுத்து வந்த சித்திரையில் ஒரு மாத லீவில் வந்தாள். முகம் வெளுத்து, கை கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். குப்பமே வீட்டுக்கு வந்தது. அங்கே மீன் கிடைக்குமா, பனி எப்படி இருக்கும், ஆம்பிளைகள் கறி ஆக்குவார்களாமே என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். குழாயடியில் அவளுக்கு இடம் விட்டார்கள். பெருமூச்சு விட்ட அதே பெண்ணே, "பிரான்சுக்காரி வந்துட்டா" என்று கேலி பேசினாள். செல்வியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்து கேட்காமல் இருந்தார்களோ, வந்த இடத்தில் அழவைக்க வேண்டாம் என்று இருந்தார்களோ.

நாலைந்து நாள் அவள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு காலையில் அவன் மார்க்கெட் லோடு இறக்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, அவளப் பத்தி எதுனா சொல்லுங்க."

"இன்னா சொல்றது?"

"எனக்குத் தெரியாதது எதுனா. உங்களோட வண்டியில வருவாளே."

அவன் காலைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான். முத்தியால்பேட்டையில் ஒரு லாண்டரி உண்டு; அதன் வாசலில் வண்டி நின்றால் செல்வி மூக்கைப் பிடித்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால், சூடு நாறுகிறது என்பாள். ஐஸ் கட்டிக்குள் ஒரு நாள் செத்த எறும்பைப் பார்த்துவிட்டு, அது தூங்குகிறது, உடைக்காதே என்று அழுதாள்; அந்தத் துண்டை அவன் தனியாக எடுத்துவைத்தான்.

தனக்கொடி அழுதாள். அவனும் அழுதான். ஒருவருக்கொருவர் தெரிய அழுதது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்கு நான் லோட விட்டுட்டு வந்திருக்கணும்" என்றான்.

"நானும் காலையிலேயே போன் பண்ணியிருக்கணும்" என்றாள்.

இனி அவள் போகமாட்டாள் என்று கோவிந்தராசு நினைத்தான். பக்கத்து வீட்டில்கூட அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் தேதி வந்ததும் அவள் பெட்டியைக் கட்டினாள். "அந்தப் பாட்டி என்னப் பாக்காம சாப்புட மாட்டாங்க" என்றாள். அது உண்மைதான். குழாயடியும் பள்ளிக்கூடத்து மணியும் இன்னும் அவளால் தாங்க முடியாதவை என்பதும் உண்மைதான். அவன் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் இருந்திருப்பாளோ என்று பிற்பாடு பல நாள் நினைத்துக்கொண்டான்.

இரண்டு வருடம் மூன்றாயிற்று. மதாமின் தாயார் இன்னும் இருக்கிறார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. நலம் விசாரித்தானதும் தனக்கொடி பேசாமல் காத்திருப்பாள். செல்வியைப் பற்றி ஒரு விஷயம் அவன் சொல்லவேண்டும். வாரம் முழுவதும் வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்து ஒன்றைத் தேடி எடுத்துவைப்பான். ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றி எவ்வளவுதான் இருக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை, மணக்குள விநாயகர் கோயில் யானையிடம் செல்வி தன் மிட்டாயை நீட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தான். பாதியில்தான் அதை ஏற்கெனவே ஒருமுறை, ஏன், இருமுறை சொல்லிவிட்டது நினைவுக்கு வந்தது. நிறுத்தினான். அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அப்புறம்?" என்றாள் தனக்கொடி.