கரட்டுப்பட்டி டவரின் மதியத் தூக்கம்

கரட்டுப்பட்டி செல்போன் டவரைத் தூங்க வைக்க, மின்சாரச் சிக்கன அலுவலகத்திலிருந்து சிலுவைமுத்து தலையணையோடு வந்தார். மதியம் இரண்டரை மணி. மாவட்டத்தின் மற்ற டவர்கள் எல்லாம் ஏற்கெனவே படுத்துவிட்டன. பஸ்ஸில் அவற்றின் குறட்டையைக் கேட்டுக்கொண்டேதான் வந்தார்.

டவர் செண்பகவல்லியின் வீட்டுக்குப் பின்னால் நின்றது. அவளுக்கு அதன்மேல் கொள்ளைப் பாசம். பொங்கலுக்கு அதன் நான்கு கால்களுக்கும் மஞ்சள் பூசுவாள்.

“இத ஏன் சார் படுக்கப் போடுதீய?”

“பதினோரு வருசமா இது வழியா ஒருத்தரும் ஒரு வார்த்த பேசல. சும்மா முழிச்சிக்கிட்டு கரண்டத் தின்னுது. மூணேகால் வரைக்கும் பார்ப்போம். ஒரு வார்த்தையும் போகலன்னா நிரந்தரத் தூக்கம்தான்.”

“தெனமும் மூணு மணிக்கு எங்க வீட்டுக்காரரு கூப்புடுவாரே.”

“எடுப்பீங்களா?”

“எதுக்கு எடுக்கணும்? அது மிஸ்டு கால்.”

லாரி ஓட்டும் மூக்கையா எந்த ஊரில் இருந்தாலும் மூன்று மணிக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவான். நல்லபடியாக இருக்கிறேன், சாப்பிட்டுவிட்டேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

சிலுவைமுத்து கையேட்டைப் புரட்டினார். “ரிங் பேச்சுல சேராது.”

தலையணையைக் கண்டதும் டவர் கொட்டாவி விட்டது. கால்களை மடக்கி, கோழிக்கூட்டை நசுக்காமல் பதமாகப் படுத்தது. தலை, பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லியின் மடிக்கு வந்தது. உச்சியின் சிவப்பு விளக்கு பாதி மூடியது. அவள் கை தன்னை அறியாமல் தட்டிக்கொடுத்தது.

“தட்டாதீங்க, தூங்கிரும்,” என்றார் சிலுவைமுத்து. அவருக்கும் மனசு கேட்கவில்லை.

மூன்று மணி. முதல் ரிங் வந்தது.

பச்சைப் பொத்தானை அவள் தொட்டதே இல்லை. எடுத்தால் மூக்கையா பதறிப்போவான். எடுக்காவிட்டால், நாளையிலிருந்து அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. இரண்டாவது ரிங் பாதியில் இருக்கும்போது அழுத்திவிட்டாள்.

அந்தப் பக்கம் லாரி சட்டென்று நிற்பது கேட்டது.

“செம்பகம்? ஏன் எடுத்த? யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆவல. மெதுவாப் பேசுங்க. டவர் தூங்குது.”

“அப்படியா,” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். டவர் தூங்குவதில் அவனுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. “சாப்ட்டியா?”

“இல்ல.”

“ஏன்?”

“ரெண்டாவது ரிங்கு முழுசா வரலியே.”

மூக்கையா விட்டுப்போன அரை ரிங்கை, வாயாலேயே, மிக மெதுவாக அடித்துக் காட்டினான்.

சிலுவைமுத்து உத்தரவில் ‘நிரந்தர’ என்பதை அடித்துவிட்டு ‘மதிய’ என்று எழுதினார். அடியில், மூன்று மணிக்கு மட்டும் எழுப்பவும் என்று சேர்த்தார். தலையணையை அங்கேயே விட்டுவிட்டார்.

செண்பகவல்லி மடி அசையாமல் எட்டி, சோற்றுத் தட்டை இழுத்துக்கொண்டாள்.