முந்நூறு அடி தூரம்

துப்பாக்கிப் பயிற்சித் திடலில், குறி அட்டைகளில் விழும் ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டுவது என் வேலை. துப்பாக்கிகளைத் துடைத்துச் சரிபார்ப்பது அவள் வேலை. குறி பார்க்கவே தேவையில்லாத அளவு கிட்டத்தில் நின்று சுடுவதைப் பாயிண்ட் பிளாங்க் என்பார்கள். அவளுக்கும் அதுதான் பட்டப்பெயர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைப்பாள். ஒருமுறை பயிற்சியாளரிடம், "சார், மீசை உங்களுக்கு எடுப்பாவே இல்ல" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மீசை உதிர்ந்து தரையில் கிடந்தது. நான்தான் பெருக்கி அள்ளினேன்.

அப்படிப்பட்டவளிடம், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று நான் கேட்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் உயிர் தப்ப வேண்டுமே! தூரம் போகப் போகக் குண்டின் வேகம் குறையும் என்பது எனக்குத் தெரியும். அதனால் முந்நூறு அடி தள்ளி, மணல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒலிபெருக்கியில் கேட்டேன்.

திடலே திரும்பிப் பார்த்தது. அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு முந்நூறு அடியும் நடந்து வந்தாள். மூட்டையைக் காலால் நகர்த்தி, என் மூக்குக்கு நேரே குனிந்தாள்.

"காது ரெண்டும் முறம் மாதிரி இருக்கு. தைரியம்னு ஒண்ணு மருந்துக்கும் இல்ல. இதைக் கேக்கறதுக்கு ஏன்யா இத்தனை நாளு?"

"அப்போ..."

"சரிங்கிறேன்."

நெஞ்சில் ஓட்டை விழுந்தது. ஐம்பது வருடமாகிறது. ஒட்டுவதில் நான் கெட்டிக்காரன்தான். அந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் காகிதம் வைக்கவில்லை.