பன்னிரண்டு ஓம்ஸ்

முதல் அடியில் சார்லஸின் கன்னம் கிழிந்தது. இரண்டாவது அடியில் கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டது. மூன்றாவதை எண்ணுவதற்கு அவனுக்கு நிதானம் இல்லை.

கடலூர் செம்மண்டலத்தில் அவனுடைய மெக்கானிக் ஷெட்டிலேயே, பட்டப்பகலில் நடந்தது இது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள். டீ ஆறினால் வேறு டீ வாங்கிக்கொள்ளலாம், அடிதடி அப்படியா?

அடித்தவன் சிதம்பரத்துக்காரன் சிலம்பரசன். ஆலப்பாக்கம் பக்கம் மழையில் அவனுடைய கார் வழுக்கி வயலில் இறங்கிய நாளிலிருந்து, டிராக்‌ஷன் கன்ட்ரோல் பெட்டி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சக்கரம் வழுக்கினால் அந்தப் பெட்டி, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் கரண்ட்டைக் கத்தரித்து, பெட்ரோலை நிறுத்தி எஞ்சினை அடக்கிவிடும். வெளியில் விற்கும் பெட்டி ஒன்றை வாங்கிவந்து கொடுக்க, சார்லஸ் பொருத்தினான். நேற்று சிதம்பரம் புறவழிச்சாலையில் அந்தக் கார் தீப்பிடித்தது. முன்சீட்டில் இருந்த சிலம்பரசனின் அம்மா ரத்தினம்மாளுக்கு முழங்காலுக்குக் கீழே தோலே இல்லை.

"எங்கம்மா ஆஸ்பத்திரில கத்துற கத்து உனக்குக் கேக்குதாடா?"

கூட வந்திருந்த நாலு பேரில், பந்திக்கு முந்துகிற மாதிரி அடிக்கு முந்தியவன் அறிவழகன். சிலம்பரசனுடைய தங்கை புருஷன். சிதம்பரத்தில் அவனும் மெக்கானிக்தான். அந்தக் கார் எஞ்சினை இத்தனை நாளாகப் பார்த்துவந்தவனும் அவனே.

"சார், பெட்டி மாட்டுறதுக்கு முன்னாடியே கேட்டேனே, இன்ஜெக்டர மாத்தியிருக்கான்னு! கம்பெனிதுதான்னு இவுருதான போன்ல சொன்னாரு!" என்று சார்லஸ் அறிவழகனைக் காட்டினான்.

"வேல தெரியாத நாயி பேசுறதப் பாரு மச்சான்" என்று அறிவழகன் ஸ்பேனரால் விலாவில் குத்தினான். உள்ளே ஏதோ முறிந்தது சார்லஸுக்குத் தெரிந்தது.

சிலம்பரசன் அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான். "வா. எங்க ஊருக்கு வந்து வண்டியப் பிரிச்சுக் காட்டு. தப்பு உன்னுதுன்னா, ஸ்பேனர் புடிக்கிற இந்தக் கைய வைஸ்ல குடுத்து நசுக்கிடுவேன்."

சிதம்பரம் போகும் வழியெல்லாம் சார்லஸ் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தான். அந்தக் கை போனால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் விலா எலும்பு உயிரை எடுத்தது. அழுதான். அழுததற்கும் பக்கத்தில் இருந்தவன் ஒன்று போட்டான்.

கருகிய கார் அறிவழகனின் ஷெட்டில்தான் நின்றது. வீங்காத ஒற்றைக் கண்ணால் பார்த்து, சார்லஸ் இன்ஜெக்டர்களைக் கழற்றினான். மூன்று வெந்து போயிருந்தன. தப்பிய ஒன்றில், மின்தடையை அளக்கும் மீட்டரை வைத்தான். இரண்டு ஓம்ஸ் காட்டியது.

"சார், பாருங்க. கம்பெனி இன்ஜெக்டர் பன்னெண்டு காட்டும். அதுக்குத்தான் அந்தப் பெட்டி. இது ரேஸ் காருங்கள்ல வர்ற இன்ஜெக்டர். கரண்ட்ட ஜாஸ்தியா இழுக்கும். பெட்டி கருகிடும், இன்ஜெக்டர் மூடாம பெட்ரோலக் கொட்டும்."

சொல்லிக்கொண்டே வயரைப் பிடித்துப் போனவன், பேட்டரிக்குப் பின்னால் கைவிட்டு உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி ஒன்றை இழுத்தான். ரெசிஸ்டர். கரண்ட் ஜாஸ்தியாகாமல் தடுக்க அறிவழகன் ஒளித்து வைத்தது. சார்லஸ் மாட்டிய பெட்டி இதைத் தாண்டி நேராக இன்ஜெக்டருக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறது.

அப்போதுதான் அவனுக்குத் தன் தவறு புரிந்தது. இன்ஜெக்டரைக் கழற்றி அதிலேயே அளப்பதுதான் முறை. பெட்டி மாட்டிய அன்றைக்கு ரத்தினம்மாள் எலுமிச்சம்பழத்தோடு ஷெட்டில் உட்கார்ந்து, ராகு காலத்துக்கு முன்னால் வண்டி கிளம்பியாக வேண்டும் என்று பறந்தாள். அவசரத்தில் அவன், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பக்கத்து சாக்கெட்டில் மீட்டரை வைத்துவிட்டான். இந்த ரெசிஸ்டரும் சேர்ந்து பன்னிரண்டு காட்டியிருக்கிறது.

அதை அவன் சொல்லவில்லை. அலுமினியப் பெட்டியை மட்டும் சிலம்பரசனிடம் நீட்டினான்.

"வண்டி பறக்கணும்னு நீதான கேட்ட மச்சான்... அதான்..." என்று அறிவழகன் பின்வாங்கினான்.

"கம்பெனிதுன்னு ஏண்டா சொன்ன?"

ஜாக்கி ராடு அவன் முழங்காலில் இறங்கியது. விழுந்தவனை மற்ற மூன்று பேர் மேஜைக்குத் தூக்கிப்போய், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்குள் வலது கையைத் திணித்தார்கள். சிலம்பரசனே கைப்பிடியைச் சுற்றினான். விரல் எலும்புகள் உடைகிற சத்தம், அறிவழகனின் அலறலையும் தாண்டிக் கேட்டது. அந்தச் சத்தத்தில் சார்லஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் விலாவுக்கு இது சரியாய்ப் போயிற்று என்றுகூட நினைத்தான்.

வைஸைத் தளர்த்தியதும் அறிவழகன் சரிந்து விழுந்தான். கூழாய்ப்போன கையை மார்போடு அணைத்தபடி சார்லஸைப் பார்த்தான். என்ன இருந்தாலும் மெக்கானிக் அல்லவா.

"நான் சொன்னது பொய்தான். ஆனா நீ மாட்டுறதுக்கு முன்னாடி அளந்திருப்பியே. எங்க வெச்சி அளந்த? இன்ஜெக்டர்லயா, கம்ப்யூட்டர் பக்கமா?"

சிலம்பரசன் திரும்பினான். "என்னடா கேக்குறான் அவன்?"

வைஸ் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. அதன் பற்களில் ரத்தம்.

"இன்ஜெக்டர்லயேதான் அளந்தேன் சார். பன்னெண்டு காட்டிச்சு" என்றான் சார்லஸ். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வண்டி எங்கிட்டருந்து இங்க வந்தப்புறம் இவுருதான் இன்ஜெக்டர மாத்தியிருக்காரு."

அறிவழகன் வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்குள் சிலம்பரசன் அவனுடைய இடது கையைப் பிடித்து இழுத்தான்.