நடுத்திட்டுக்குப் போகும் வழி

கழிமுகத்தின் இரு கரையிலும் இரண்டு நாட்டு ஆய்வுக்கூடங்கள் கூட்டாக வேலை செய்தன. அக்கரைக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும். அதனால் அவர்கள் அனுப்பும் அட்டவணையில், கடல் நீர் ஏறும் நேரத்தோடு ஒரு மணியைக் கூட்டித்தான் இக்கரைக் கூடத்து ஆய்வாளரான அவள் சுவரில் ஒட்டுவாள். இன்றைக்குப் பதினொன்று என்று ஒட்டியிருந்தாள். அதை நம்பித்தான் அவள் கொழுந்தன் நண்டு வளைகளை எண்ண நீர் வடிந்த வழியில் நடந்து நடுச்சேற்றுத் திட்டுக்குப் போயிருந்தான்.

பத்து மணி தாண்டியதும் அக்கரை ஆய்வாளர் போனில் வந்தார்.

"அட்டவணை பார்த்தீங்களா? உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னு இந்தத் தடவை நானே ஒரு மணி நேரம் கூட்டி அனுப்பிட்டேன்."

அப்படியானால் நீர் ஏறும் நேரம் பத்து; அதன்மேல் அவளும் ஒரு மணி நேரம் கூட்டியிருந்தாள். நாசமாய்ப் போன நல்ல மனுஷன், முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! வாக்கிடாக்கியைப் பாய்ந்து எடுத்தாள்.

"தம்பி, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடு! தண்ணி ஏறுது!"

அவன் சிரித்தான். "பதறாதீங்க அண்ணி. உங்க அட்டவணைப்படி இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. திட்டு காஞ்சுதான் கிடக்கு."

பிறகு அவன் சிரிப்பு நின்றது.

"ஆனா அண்ணி... நான் நடந்து வந்த வழியைக் காணோமே."